எக்ஸ்ரே கவரை யார் கையில் கொடுத்தேன்

சென்ற மாதம் தேவி போனில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்.

"அக்கா, டார்க் ரூமை இடிச்சிட்டாங்க. இப்ப படம் எடுத்த உடனே டாக்டர் கம்ப்யூட்டருக்கே போயிருது. உங்களுக்குக் கேக்க வருத்தமா இருக்கும்லா?"

"வருத்தமா? எம்பேரச் சொல்லி ரெண்டு லட்டு வாங்கித் தின்னு. இனிமே கவர் கிடையாதுல்லா, அதுக்கு."

"கவர் மேல உங்களுக்கு என்னக்கா அம்புட்டு கோவம்?"

சொன்னேன். சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது. கடைசியில், "இத எழுதி வைங்கக்கா" என்றாள். எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. முப்பத்தோரு வருடம் நான் எழுதியதெல்லாம் நோயாளியின் பெயர், வயது, எந்தப் பக்கம், எத்தனையாம் நம்பர் என்பது மட்டும்தான். அதற்கு மேல் ஒரே ஒரு முறை எழுதினேன். அந்தக் கதைதான் இது.

மதுரையில் இரண்டு வருடம் எக்ஸ்ரே எடுக்கப் படித்துவிட்டு நேராக வேலைக்கு வந்தேன். எங்கள் முதலாளி ஒரு டாக்டர். இராஜபாளையத்தில் ஒரு எக்ஸ்ரே சென்டர், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்று என்று இரண்டு வைத்திருந்தார். வாரத்தில் மூன்று நாள் அங்கே, மூன்று நாள் இங்கே என்று பஸ்ஸில் போய் வந்தே என் ஆயுசு கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்.

நாங்கள் அவரைப் பெரிய டாக்டர் என்போம். பேச்சு ரொம்பக் கம்மி. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டியதும் கண்ணாடியைக் கழற்றி, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியில் துடைத்துக்கொள்வார். பெயரைப் பார்க்க மாட்டார். யார், எந்த ஊர், எப்படி அடிபட்டது, எதையும் கேட்க மாட்டார். நான் வாயெடுத்தால் கையை உயர்த்துவார்.

"எலும்பு சொல்றத எழுதுவோம். ஆள் சொல்றது நமக்கு வேண்டாம்."

ஒரு தடவை ஒரு பெரியவர் முழங்காலில் வலது, இடது குறிக்கும் ஈய எழுத்தை வைக்க மறந்துவிட்டேன். அந்த ஆளைத் தேடிச் செண்பகத்தோப்புப் பாதைவரை வெயிலில் என்னை நடக்கவிட்டார். திட்டவில்லை. "எழுத்து இல்லாத படம் படமில்ல" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் வைத்த ஈய எழுத்தும் நம்பரும் ஒருநாளும் தவறியதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

எங்கள் வேலைமுறை இதுதான். ஊரில் இருக்கிற எலும்பு டாக்டர் சீட்டு எழுதி நோயாளியை எங்களிடம் அனுப்புவார். உள்ளே நோயாளி மட்டும் வரலாம். கதிர் படக்கூடாது என்பதால் கூட வந்தவர்கள் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். செருப்பையும் வெளியே விட வேண்டும். படம் எடுத்து, இருட்டறையில் கழுவி, காய வைத்து, பழுப்புக் கவரில் போட்டுக் கூட வந்தவர் கையில் கொடுப்போம். அவர் அதை எலும்பு டாக்டரிடம் கொண்டுபோவார். பெண் வந்தால் கவர் புருஷன் கையில் போகும். அவள் கையை நீட்டினாலும் எங்கள் கை அவனைத்தான் தேடும். யாரும் சொல்லிக் கொடுத்த விதியில்லை. கைப்பழக்கம்.

ஒரு நாள் மம்சாபுரத்திலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்தார்கள். வாய்க்கால் தண்ணீர்த் தகராறு. எதிராளி கம்பை ஓங்க, இவர் தலையைக் காப்பாற்ற இடது கையைத் தூக்கியிருக்கிறார். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் குறுக்கே உடைந்திருந்தது. விழுந்தால் இப்படி உடைவது அபூர்வம். விழுகிறவன் உள்ளங்கையை ஊன்றுவான், மணிக்கட்டுப் பக்கம் போகும். நடுவில் இந்த ஒற்றை எலும்பு மட்டும் போனால், பெரும்பாலும் ஓங்கிய அடியைக் கை தடுத்திருக்கிறது என்று அர்த்தம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது.

அன்றைக்கு வெளியே இரண்டு போலீஸ்காரர்கள் காத்திருந்தார்கள். கவரை அவர்களே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

அதே மாதம், இராஜபாளையம் சென்டரில், மாரீஸ்வரி வந்தாள். தளவாய்புரம். முப்பது வயதிருக்கும். வீட்டிலேயே நைட்டி தைக்கிறவள். புருஷன் நைட்டிக் கம்பெனிக்குத் துணி வெட்டிக் கொடுக்கிற கட்டிங் மாஸ்டர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் பிளாஸ்க். "பாத்து மெதுவா போ தாயீ" என்று கதவுவரை அவளைத் தாங்கிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

கையைப் படத்தட்டில் வைத்துவிட்டு, "எப்படிம்மா விழுந்த?" என்று கேட்டேன்.

"பாத்ரூம்ல வழுக்கிருச்சு" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கதவைப் பார்த்துச் சொன்னாள், வெளியே கேட்கிற மாதிரி.

இருட்டறையில் சிவப்பு விளக்கில் படம் மெல்ல எழும்பி வந்தது. இடது கை. நடுவில் ஒற்றை எலும்பு. மம்சாபுரத்து ஆளின் எலும்பும் இவளுடையதும் ஒன்றேதான். நான் என்ன செய்தேன்? காய வைத்தேன். கவரில் போட்டேன். அவர் கையில் கொடுத்தேன். "ரொம்ப நன்றி மேடம்" என்றார். வாய்க்கால் தண்ணீருக்கு உடைந்தால் போலீஸ் வரும், பாத்ரூமில் உடைந்தால் பிளாஸ்க் வரும். ஒரே எலும்பு! எனக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை. உறைக்காமல் இருந்திருக்கிறதே என்பதுதான் இன்றுவரை எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

இரண்டு வருடம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் சென்டருக்கு ஒரு பெண் வந்தாள். முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடியிருந்தது. சேலைத் தலைப்பை இழுத்து மூடியிருந்தாள். சீட்டில் வலது கை, இரண்டு முன்கைகள் என்று இருந்தது. எனக்கு அடையாளமே தெரியவில்லை. நாளுக்கு நாற்பது முகம் பார்க்கிறவளுக்கு எந்த முகம் நிற்கும்?

படம் எழும்பியபோது நின்றது. இடது முன்கை, நடுவில் ஒற்றை எலும்பு, கொஞ்சம் கோணலாகக் கூடி, மேலே ஒரு முண்டு. என் ஈய எழுத்தை வைத்து, என் கையால் எடுத்த எலும்பு. முகம் மறந்தாலும் அந்த முறிவு மறக்கவில்லை. சீட்டில் இருந்த பெயரை மறுபடி பார்த்தேன், மாரீஸ்வரி. பக்கத்தில் வலது முன்கையில் இன்னொரு பழைய முறிவு. அது எங்கே காட்டியதோ, காட்டவே இல்லையோ. இன்னொரு படத்தில் வலது கை விரல்கள் இரண்டு, புதிதாக. போன தடவை இராஜபாளையம், இந்தத் தடவை ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரே இடத்துக்குப் போனால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஊர் மாற்றிக் கூட்டி வந்திருக்கிறார். இரண்டுக்கும் ஒரே முதலாளி, ஒரே ஆள் என்பது அவருக்குத் தெரியவில்லை. என் முகத்தை அவர் என்றைக்குப் பார்த்தார்?

அடப்பாவி என்று இருட்டில் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

இருட்டறையை விட்டு எக்ஸ்ரே அறைக்கு வந்தேன். வாசல் கதவு இன்னும் மூடித்தான் இருந்தது.

"மாரீஸ்வரி, இது விழுந்ததில்ல. எனக்குத் தெரியும். இங்க நீயும் நானும் மட்டுந்தான். சொல்லு."

தலைப்பை இன்னும் இழுத்து மூடினாள். பிறகு, "சொன்னா என்னக்கா செய்விய? கதவத் தொறந்தா அவுகதான நிக்காக" என்றாள்.

"உங்க அம்மா வீட்டுல?"

"மம்சாபுரந்தான். தெரியும். அனுசரிச்சுப் போங்காக. வலது கை ஒடஞ்சப்ப எங்க பெரியப்பாவே நீவிக் கட்டிவிட்டு, கொண்டாந்து அவுக வீட்டுலயே விட்டுட்டுப் போனாரு."

ஒரு துண்டுச் சீட்டு எடுத்து எலும்பு டாக்டருக்கு இங்கிலீஷில் எழுதினேன். பழைய முறிவுகளும் இருக்கின்றன, இந்தப் பெண்ணைத் தனியாக விசாரியுங்கள் என்று இரண்டு வரி. கவருக்குள் படத்தோடு வைத்தேன். கதவைத் திறந்தேன்.

அவர் கையில் கொடுத்தேன்.

ஆமாம். அவர் கையில்தான். இருபது வருடப் பழக்கத்தில் கை தானாக நீண்டது. நைட்டி வெட்டுகிறவருக்கு இங்கிலீஷ் எங்கே தெரியப்போகிறது என்ற திமிரும் உள்ளே இருந்திருக்கிறது.

எல்லோரும் செய்கிற மாதிரி அவர் படியில் இறங்கியதும் படத்தை உருவி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். சீட்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். நின்று வாசித்தார். எழுத்துக் கூட்டியெல்லாம் இல்லை, நம்மைப் போலவே வாசித்தார். திரும்ப உள்ளே வந்து அதை என் மேஜையில் நேராக வைத்தார்.

"மேடம், இது உங்களோடது. தவறி உள்ள வந்திருச்சு போல."

சிரித்த முகம். குரல்கூட உயரவில்லை. மாரீஸ்வரியைப் பார்த்து, "ஏட்டி, வா" என்றார். இரண்டு வருடம் முன்னால் தாயீ என்ற வாய். வண்டியில் ஏற்றிக்கொண்டு எலும்பு டாக்டர் இருக்கும் தெருவுக்குத் திரும்பாமல் நேரே இராஜபாளையம் ரோட்டில் போய்விட்டார். எக்ஸ்ரே கதவடியில் அவளுடைய செருப்பு அப்படியே கிடந்தது. அதை மாட்டிக்கொள்ளக்கூட அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை.

நான் பெரிய டாக்டரிடம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை அவர் கையை உயர்த்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"சீட்டு எழுத நீ யாரு?"

"தப்புத்தான் சார்."

"எழுதினது தப்பில்ல. அத எவன் கையில குடுத்த?" மேஜையைத் தட்டினார். அவர் சத்தம் போட்டு அன்றைக்குத்தான் கேட்டேன். "முறிச்சவன் கையிலயே முறிவக் குடுத்தனுப்பியிருக்க. நீ மட்டுமில்ல. நான் சென்டர் ஆரம்பிச்ச நாளுலருந்து அப்படித்தான் குடுத்திட்டிருக்கோம். எத்தன பொம்பளைங்க படமோ."

மறுநாளிலிருந்து பெண்களின் கவரை எங்கள் ஆள்தான் டாக்டர் மேஜைக்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. மாரீஸ்வரிக்கு ஒரு நாள் பிந்தி வந்த உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு தளவாய்புரம் போனேன். செருப்பைக் கொடுக்க வந்தேன் என்பது ஒரு சாக்கு. அவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க வேண்டும்.

இருந்தாள். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் பூப்போட்ட நைட்டித் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தது. மாவுக்கட்டு இல்லை, மருந்து இல்லை. முறிந்த இரண்டு விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் துணியைத் தள்ளித் தைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து நாளாக!

"வாங்க மேடம். செருப்புக்காகவா இம்புட்டு தூரம் வந்திய? செத்த நேரம் இருங்க, குடிக்கக் கலர் வாங்கியாரேன்" என்றார் அவர். வெட்டுகிற மேஜையில் துணி அடுக்கடுக்காகக் கிடந்தது. சுவரில் ஆணியில் கழுத்து மாடல்கள் தொங்கின. துணி மேல் வைத்துச் சாக்பீஸால் கோடு போடுவதற்கு அட்டையில் வெட்டி வைத்திருப்பார்களே, அவை. நான் சும்மா பார்த்தேன். பழுப்பு அட்டைகளுக்கு நடுவே கறுநீலமாகச் சில தொங்கின. ஜன்னல் வெளிச்சம் அதற்குள் புகுந்து வந்தது. வெளிச்சத்தில் விரல் தெரிந்தது.

நான் எடுத்த படங்கள். வட்டக் கழுத்துக்கு ஒன்று, பானைக் கழுத்துக்கு ஒன்று, கைக்கு, பாக்கெட்டுக்கு என்று வெட்டி ஓட்டை போட்டு நூல் கோத்திருந்தார்.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார். வெட்கமோ பயமோ, ஒன்றுமில்லை.

"நல்ல கெட்டி மேடம். அட்டைன்னா ஓரம் நைஞ்சு போயிரும். இது கோடு சுத்தமா விழுது."

கலர் வாங்க அவர் தெருவில் இறங்கியதும் மாரீஸ்வரியின் பக்கத்தில் போனேன். அவள் மெஷினை நிறுத்தவில்லை. மெஷின் சத்தம் நின்றால் அவருக்குத் தெரிந்துவிடும்.

"நீங்க அத எழுதாம இருந்திருக்கலாம்க்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "வீட்டுக்கு வந்து கதவச் சாத்தினாக. சொல்லி எழுத வைக்கியான்னு கேட்டுக் கேட்டு…"

தோளில் தலைப்பைக் கொஞ்சம் விலக்கினாள். நான் பார்த்ததை எழுத மாட்டேன்.

"என்னய மன்னிச்சிரு தாயி. நீ எப்ப வந்தாலும் சரி, சென்டருக்கு வா. என்னயக் கேளு. காலம்பூரா நான் அங்கதான் இருப்பேன்."

"போங்கக்கா. வந்துருவாக."

அவர் வாங்கிவந்த கலரை நான் குடிக்கவில்லை.

எட்டு மாதம் ஓடியது. ஒவ்வொரு நாளும் கதவைத் திறக்கும்போது அவளாக இருக்கக்கூடாதா என்று நினைப்பேன், உடனே ஐயோ அவளாக இருந்துவிடக் கூடாதே என்றும் நினைப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பதினோரு மணி, வெளியே யாரும் துணைக்கு நிற்காமல், கட்டைப்பையோடு ஒருத்தி தனியாக வந்து நின்றாள்.

"அக்கா, என்னயத் தெரியுதா?"

கோணலாகக் கூடிய விரல்களை அடையாளம் தெரியாமல் போகுமா? பையைக் கவிழ்த்தாள். கறுநீல மாடல்கள். ஓரமெல்லாம் சாக்பீஸ் தூள்.

"அவுக சந்தைக்குப் போயிருந்தாக. பிள்ளையத் தூக்கிட்டுப் பஸ் ஏறிட்டேன். அந்த வீட்டுல இருந்து நான் எடுத்துட்டு வந்தது இது மட்டுந்தான். பிள்ளைய ஒரு வக்கீலம்மா வீட்டுல விட்டுருக்கேன். கேஸ் போட அந்தம்மா ஆதாரம் கேக்காக. இத ஒட்ட முடியுமாக்கா?"

நகையை எடுக்கவில்லை, துணியை எடுக்கவில்லை. ஆணியில் தொங்கிய தன் எலும்பை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

விளக்குப் பெட்டியில் ஒவ்வொன்றாக வைத்துப் பொருத்தினோம். ஒரு படத்துக்கு மூன்று துண்டு, இன்னொன்றுக்கு நான்கு. பானைக் கழுத்துத் துண்டின் ஓரத்தில் என் ஈய நம்பர் முழுசாக இருந்தது. பதிவேட்டில் பார்த்தேன், அதே நம்பர், அவள் பெயர், வயது, என் கையெழுத்து. செண்பகத்தோப்பு வெயிலில் நடந்ததற்கு அன்றைக்குத்தான் பெரிய டாக்டருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். ஆனால் வலது முன்கையின் நடுவே ஒரு பிறை வடிவத்தில் வெற்றிடமாக வெளிச்சம் அடித்தது.

"இங்க ஒண்ணக் காணோமே?"

"வட்டக் கழுத்து மாடல்க்கா. நல்லா இருக்குன்னு வேற கம்பெனிக்காரங்க இரவல் வாங்கிட்டுப் போயிட்டாங்க. அங்கருந்து எங்க போச்சுன்னு தெரியல."

பெரிய டாக்டர் வந்தார். கண்ணாடியைத் துடைத்தார். எப்போதும் பெயர் பார்க்காதவர் அவளைப் பார்த்து, "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டார். எந்த முறிவு பழையது, எது புதியது, எல்லாம் ஒரே நாளில் நடந்ததல்ல என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கவரை என்னிடம் நீட்டினார். நான் அதை மாரீஸ்வரி கையில் கொடுத்தேன்.

கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில். நானும் சாட்சி, டாக்டரும் சாட்சி. எதிர்த்தரப்பு வக்கீல் துண்டுகளைத் தூக்கிக் காட்டி, வெட்டிப்போட்ட ஃபிலிமை வைத்து என்ன நிரூபிக்க முடியும் என்று கேட்டார். "ஃபிலிமை வெட்டலாம். வெட்டினதால முறிஞ்ச எலும்பு முறியாத எலும்பா ஆயிராது" என்றார் டாக்டர்.

நீதிபதி ஒரு பெண். துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இது ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்று மாரீஸ்வரியிடம் கேட்டார்.

"கழுத்து மாடலுங்கம்மா. என் கைப் படத்துல வெட்டுனாரு. அவரு துணி வெட்டுவாரு, கோடு போடுறது நாந்தான். இந்தக் கைய வச்சே இந்தக் கை மேல நித்தமும் கோடு போட்டேன்."

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் விரலை எடுத்துவிட்டார். கட்டிங் மாஸ்டர் மட்டும், அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்பது போலச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உத்தரவு அவள் பக்கம் வந்தது. அவர் அவளை நெருங்கக் கூடாது. இப்போது மம்சாபுரத்தில் தனி வீடு எடுத்து, அம்மா வீட்டுப் படி மிதிக்காமல், பிள்ளையைப் படிக்க வைக்கிறாள். விரல் இரண்டும் மடங்காது. எனக்கு மாதம் ஒரு தடவை போன் செய்வாள்.

சாட்சி சொன்ன அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேலையை மாற்றப் போனேன். கொடியில் என் நைட்டி காய்ந்துகொண்டிருந்தது. தளவாய்புரத்து நைட்டிதான், வருடாவருடம் வாங்குவது. எடுத்துப் பிரித்தேன். வட்டக் கழுத்து, கோணல் இல்லாமல் சுத்தமாக விழுந்திருந்தது. காணாமல் போன அந்தத் துண்டு இப்போது எந்தக் கம்பெனி மேஜையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மறுபடியும் கொடியில் போட்டுவிட்டு, கோர்ட்டுக்குக் கட்டிப்போன சேலையோடே உட்கார்ந்திருந்தேன்.